கை உயர்த்தியோரும் வாக்குப் பெற்றோரும்: 19ஆம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்து நகரங்கள்

ஸ்கொட்லாந்தின் அரச நகரங்களில் 1833ஆம் ஆண்டுவரை நகரசபைத் தேர்தல் என்பது பெயரளவிலேயே நிலவிற்று. 1469ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பழைய சபையே புதிய சபையைத் தெரிந்தது. பாராளுமன்றப் பிரதிநிதியைத் தெரியும் உரிமையும் இச்சபைகளின் பாலதே. தலைநகராகிய எடின்பரோவின் பிரதிநிதியை 33 பேர் கூடித் தெரிந்தனர். வணிகத்தாற் செழித்த கிளாஸ்கோவோ ரதர்கிளென், ரென்புரூ, டம்பாட்டன் என்னும் சிறு நகரங்கள் மூன்றனோடு ஒரே பிரதிநிதியைப் பகிர்ந்துகொண்டது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நாட்டில் வாக்குரிமை பெற்றிருந்தோர் 5,000 பேர்தாமும் இலர். நகரின் பொதுச் சொத்தும் கேட்பாரின்றி இச்சபையினர் கையிற் கிடந்தது. 1817இல் அபடீன் நகரம் கடனிறுக்க இயலாது முறிந்தபோதுதான், கணக்குக் கேட்கும் உரிமை எத்துணை இன்றியமையாதது என்பதை வணிகரும் உணர்ந்தனர்.

நெசவாளர் அதனை முன்னரே உணர்ந்திருந்தனர். சீர்திருத்தம் வேண்டிப் பேசிய வழக்கறிஞர் தோமஸ் மியூர் 1793இல் 14 ஆண்டுகள் நாடு கடத்தப்படத் தீர்ப்பளிக்கப்பட்டார். 1820 ஏப்பிரலில் கிளாஸ்கோச் சுவர்களில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டதும், ஏறக்குறைய 60,000 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஆயுதம் ஏந்திய சிறு கூட்டத்தினர் பொனிமியூர் என்னுமிடத்திற் படையினரால் முறியடிக்கப்பட்டனர். ஸ்ட்ரேவனைச் சேர்ந்த முதியவர் ஜேம்ஸ் வில்சன் கிளாஸ்கோவிலும், நெசவாளரான ஜோன் பெயர்ட், அன்ட்ரூ ஹார்டி ஆகியோர் ஸ்டேர்லிங்கிலும் தூக்கிலிடப்பட்டனர்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் வந்த 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வாக்காளர் தொகையை ஏறக்குறைய 65,000 ஆக உயர்த்திற்று. எடின்பரோவும் கிளாஸ்கோவும் இவ்விரு பிரதிநிதிகளைப் பெற்றன. பெயிஸ்லி, டண்டீ முதலிய நகரங்கள் ஒவ்வொருவரைப் பெற்றன. அடுத்த ஆண்டு நகரசபைகளும் தேர்தலுக்கு உட்பட்டன. எனினும், ஆண்டுக்கு 10 பவுண் பெறுமதியுள்ள வீடோ கடையோ உடையோருக்கே இவ்வுரிமை கிட்டியது. இரண்டு இலட்சம் மக்கள் வாழ்ந்த கிளாஸ்கோவில் ஏறக்குறைய 7,000 பேரே வாக்காளராயினர். தூக்குமேடை ஏறியோரின் தோழர்கள் பெரும்பாலும் புறத்தேயே நின்றனர்.

புறத்தே நின்றோர் வாளாவிருந்தாரல்லர். வேட்பாளரை முன்மொழியும் நாளில் நகர மக்கள் யாவரும் மேடையின் முன் திரள்வர். கை உயர்த்துமாறு தலைமை அதிகாரி கேட்பார். அவ்வேளை வாக்குடையான், வாக்கிலான் என்ற வேறுபாடு நோக்கப்படுவதில்லை. அதனால், தீவிர சீர்திருத்தவாதி ஒருவர் கை எண்ணிக்கையில் வெற்றி பெறுதலும், எதிராளி முறையான வாக்கெடுப்புக் கோர அவரே தோல்வியுறுதலும் நிகழ்ந்தன. வாக்கெடுப்பும் வெளிப்படையானதே, யார் யாருக்கு வாக்களித்தார் என்பது ஏட்டிற் பதியப்பட்டது. நிலவுடைமையாளரும் ஆலை முதலாளிமாரும் அவ்வேட்டை நோக்கியதுபோலவே ஏழை மக்களும் நோக்கினர். தமக்கு மாறாக வாக்களித்த கடைக்காரனிடம் பொருள் வாங்காது விடும் வழக்கமும் எழுந்தது. இரகசிய வாக்கு வந்தால் முதலாளியின் அச்சுறுத்தலோடு, வாக்கில்லாதவன் கையிலிருந்த இவ்வொரு கருவியும் ஒழிந்துவிடும். இரகசிய வாக்குக்காகப் போராடியோர் பலர் இச்சிக்கலைப் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

1838 மே மாதம் கிளாஸ்கோப் பசுந்திடலில் நடைபெற்ற பெருங்கூட்டத்தோடு சாட்டிஸ்ட் இயக்கம் ஸ்கொட்லாந்தில் வலுப்பெற்றது. பெயிஸ்லி மடாலயக் கோயிலின் போதகர் பற்றிக் புரூஸ்டர், அறவழியன்றி வேறு வழி வேண்டா என வாதாடினார். இயக்கத்தின் பெரு மனுக்களைப் பாராளுமன்றம் தள்ளியதாயினும், நகரசபைக் கதவு முற்றாக அடைபட்டிருக்கவில்லை. தேயிலை வணிகரும் சாட்டிஸ்ட் தலைவருமான ஜேம்ஸ் மொயர் 1848இற் கிளாஸ்கோ நகரசபைக்குத் தெரிவானார். பாராளுமன்றக் கோரிக்கைகளையே அளவுகோலாகக் கொண்டு இவ்வியக்கம் தோற்றதென முடிவு கட்டுவோர் இத்தகைய உள்ளூர் வெற்றிகளைக் காணத் தவறுகின்றனர்.

1868ஆம் ஆண்டுச் சட்டம் நகரங்களில் வரியிறுக்கும் வீட்டுத் தலைவர்க்கு வாக்களித்தது. கிளாஸ்கோ மூன்றாவது பிரதிநிதியைப் பெற்றது. ஆயினும் ஒருவர் இரு வாக்குகளே அளிக்கலாம் என்ற விதியும் உடன் வந்தது. 1872இல் இரகசிய வாக்குச் சட்டம் நிறைவேறியதும், மேடையின் முன் கை உயர்த்தும் வழக்கம் ஒழிந்தது. 1881ஆம் ஆண்டுச் சட்டத்தால், வரியிறுக்கும் மணமாகாத பெண்டிரும் கைம்பெண்டிரும் நகரசபைத் தேர்தலில் வாக்குரிமை எய்தினர். கணவனோடு வாழ்ந்த மனைவிக்கு அது கிட்டவில்லை.