ஐம்பது ரூபாய்க்கு ஆகாயம்

சந்தவாசலுக்குப் போனது பட்டுப்புடவை விஷயமாக. ஆரணி வட்டாரத்துத் தறிகளைப் பற்றி எழுதலாம் என்று ஓர் எண்ணம். போன நேரம் ஆடி மாதம். பக்கத்திலேயே படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில். ஆடி வெள்ளி என்றால் கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். நான் பார்க்கப் போன நெசவாளர், "இன்னிக்குத் தறி ஓடாது சார், வாங்க கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று என்னையும் தன் பையனையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வழியில் திருவிழாக் கடைகள். வளையல், பலூன், டெல்லி அப்பளம், ராட்டினம், ஆடுகிற கொலம்பஸ் கப்பல். எல்லாம் தாண்டி ஓரமாக ஒரு தகரப் பெட்டி. சுற்றிலும் சனிக்கிரகமும் ராக்கெட்டும் வெள்ளை உடுப்பு போட்ட விண்வெளி வீரரும் வரைந்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'நிஜமான விண்வெளிப் பயணம்'. தலைக்கு 50 ரூபாய்.

பையனுக்கு ஒன்பது வயசிருக்கும். 2025ல் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனதை டிவியில் பார்த்தவன். பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அப்புறம் என்ன, மூன்று டிக்கெட்.

உள்ளே ஒரு டஜன் சீட், பெல்ட், எதிரே திரை. விளக்கை அணைத்தார்கள். திரையில் ராக்கெட் புறப்பட்டது. பெட்டி பின்பக்கம் சாய்ந்தது. அப்புறம் விண்கற்கள். தடதடவென்று உலுக்கல். படம் இடது பக்கம் திரும்பி, நாம் அதை மறந்தும் போன பிறகு, பெட்டி சாவகாசமாக இடது பக்கம் திரும்பியது. நாலு நிமிஷம். வெளியே வந்தால் ஜெனரேட்டர் டீசல் வாசனை.

பையன் அப்பாவைப் பார்த்துக் கேட்டான். "இவ்ளோதானாப்பா?"

"இதுக்கு நம்ம தறிக்குழியிலயே குந்திக்கினு இருந்திருக்கலாம்" என்றார் அவர்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 'இவ்வளவுதானா?' நூறு வருஷத்துக்கு மேலாக இந்தப் பெட்டிக்குள் போய் வந்த எல்லோரும் கேட்ட கேள்வி அது.

ஆமாம், நூறு வருஷத்துக்கு மேல்!

1895ல் எச்.ஜி. வெல்ஸின் 'டைம் மெஷின்' நாவல் வெளியானது. லண்டனில் ராபர்ட் பால் என்று ஓர் ஆசாமி. சினிமா என்ற பொருள் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. பால் அதற்கான கருவிகளைச் செய்துகொண்டிருந்தவர். நாவலை வைத்து அதே வருஷம் அக்டோபரில் ஒரு காப்புரிமைக்கு மனுப் போட்டார். ஜனங்களை ஒரு மேடையில் உட்கார வைப்பது, மேடையை ஆட்டுவது, முகத்தில் காற்று அடிக்க வைப்பது, எதிரே படம் காட்டுவது. அவ்வளவும் சேர்ந்தால் காலத்துக்குள் பயணம் போகிற உணர்வு வரும் என்பது ஐடியா. பாவம், அதைக் கட்டி முடிக்கப் பணம் கிடைக்கவில்லை. காகிதத்தோடு நின்றுவிட்டது.

கட்டிக் காட்டியவர் ஃப்ரெடெரிக் தாம்ப்சன். அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் 1901ல் ஒரு மாபெரும் பொருட்காட்சி. அதில் அவர் வைத்த ஷோவின் பெயர் 'நிலாவுக்கு ஒரு பயணம்'. 'லூனா' என்று ஒரு கப்பல். அதற்கு இறக்கைகள் வேறு. உட்கார்ந்தால் கப்பல் ஆடும். வெளியே திரைச்சீலைகள் நகரும், காற்று வீசும், கீழே நயாகரா அருவி சிறுத்துக்கொண்டே போகும். 'நிலா'வில் இறங்கினால் வேஷம் கட்டிய குள்ள மனிதர்கள் வரவேற்று, பச்சை நிறப் பாலாடைக்கட்டி கொடுப்பார்கள்! மற்ற காட்சிகளுக்கு 25 சென்ட். இதற்கு மட்டும் 50. சந்தவாசல் பெட்டியின் 50 ரூபாய்க்குக் கொள்ளுத்தாத்தா அந்த 50 சென்ட்தான். லட்சக்கணக்கான பேர் வரிசையில் நின்று போய் வந்தார்கள்.

தாம்ப்சனிடம் கம்ப்யூட்டர் இல்லை, சினிமாகூட இல்லை. பிறகு எப்படி ஜனங்கள் மயங்கினார்கள்? அவர் வெறுமனே கப்பலை ஆட்டவில்லை. புறப்படுவதற்கு முன், போகும்போது, இறங்கிய பிறகு என்று ஒரு முழுக் கதை வைத்திருந்தார். நாடகக்காரர் மூளை. நம் பெட்டிக்காரரோ கதை முழுவதையும் வெளிச்சுவரிலேயே வரைந்து தீர்த்துவிட்டார்.

இனிமேல்தான் சுவாரசியமான திருப்பம். இந்தத் திருவிழாப் பெட்டி ஒரு கட்டத்தில் படிக்கப் போனது.

எட்வின் லிங்க் என்ற இளைஞருக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. ஆனால் பாடம் படிக்க ஆகிற செலவோ யானை விலை. அவருடைய அப்பா நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்று ஊதுகிற துருத்திகள் அங்கே நிறைய. அவற்றை ஒரு குட்டி விமானப் பெட்டிக்கு அடியில் வைத்தார் லிங்க். விசையைத் திருப்பினால் துருத்தி ஊதும், பெட்டி சாயும். 1929ல் மெஷின் தயார். விமானப் பயிற்சிக்கு என்று விற்கப் போனால் ஒருவரும் சீண்டவில்லை. வாங்கியது யார் தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காக்கள்! காசு போட்டால் ஆடுகிற விளையாட்டு.

1934ல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகிற வேலையைக் கொடுத்தார்கள். பனிமூட்டத்தில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள். சில வாரங்களுக்குள் ஒரு டஜன் பேர் செத்துப்போனார்கள். பதறிப்போன அதிகாரிகள் லிங்க்கைக் கூப்பிட்டார்கள். அவர் வர வேண்டிய நாளில் கண் தெரியாத மூட்டம். 'இந்த வானிலையில் யார் வரப் போகிறார்கள்?' என்று கிளம்பத் தயாரானபோது, மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்து இறங்கினார் மனிதர். கருவிகளைப் பார்த்தே ஓட்டி வந்திருக்கிறார்! ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது, ஒவ்வொன்றும் 3,500 டாலர். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஐந்து லட்சம் விமானிகள் அந்தத் துருத்திப் பெட்டியில் பயின்றிருந்தார்கள்.

அந்தப் பெட்டி நிலாவுக்கும் உதவியது. 1969 ஜூலை 20. 'ஈகிள்' நிலாத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது அதன் கம்ப்யூட்டர் திடீரென்று '1202' என்று எச்சரித்தது. இறங்கலாமா, திரும்பலாமா? முடிவு சொல்ல வேண்டியவர் ஹூஸ்டனில் இருந்த ஸ்டீவ் பேல்ஸ். வயது 26. 'போகலாம்' என்றார். எப்படி அத்தனை தைரியம்? அந்த மாத ஆரம்பத்தில் ஓர் ஒத்திகை. பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே இதே மாதிரி ஓர் எச்சரிக்கையைக் கிளப்பிவிட்டார்கள். அன்றைக்கு பேல்ஸ் 'திரும்பு' என்று சொல்லித் தப்புப் பண்ணினார். அதற்குப் பிறகு உட்கார்ந்து, என்னென்ன எச்சரிக்கை வரலாம், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பட்டியல் போட்டு வைத்தார்கள். நிஜத்தில் அந்தப் பட்டியல் காப்பாற்றியது.

பயிற்சிப் பெட்டிக்கும் திருவிழாப் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பயிற்சிப் பெட்டி 'இது நிஜம்' என்று யாரிடமும் சத்தியம் செய்வதில்லை. தப்பு செய்ய இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். சத்தியம் செய்கிற வேலை திருவிழாவுடையது.

படித்து முடித்த பெட்டி மறுபடி திருவிழாவுக்குத் திரும்பி வந்தது. 1954 வாக்கில் இங்கிலாந்தில் எரிக் கஃப் என்ற டன்லப் பொறியாளர், டயர்களைச் சோதிக்க ஆறு கால்களில் நிற்கிற ஒரு மேடை செய்தார். ஒவ்வொரு காலையும் நீட்டிச் சுருக்கினால் மேடை எந்தப் பக்கமும் சாயும், நகரும். விமானப் பயிற்சிப் பெட்டிகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. 1987 ஜனவரியில் கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் 'ஸ்டார் டூர்ஸ்' திறந்தார்கள். விமானிகள் பயிற்சிக்குச் செய்த மேடைகளையே வாங்கி, 40 பேரை உட்கார வைத்து, 'ஸ்டார் வார்ஸ்' படக் கதைக்குள் ஓட்டினார்கள். வரிசையில் நிற்கிற இடத்தையே விண்வெளி நிலையமாக மாற்றியிருந்தார்கள். தாம்ப்சனின் பழைய வித்தை!

சரி, இந்தப் பெட்டி நம்மை எப்படி ஏமாற்றுகிறது? ரகசியம் காதுக்குள்.

உட்காதில் சுண்ணாம்புக்கல் ஜாதியைச் சேர்ந்த பொடித் துகள்கள் ஒரு கூழின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. நாம் பின்னால் சாய்ந்தால் துகள்கள் பின்பக்கம் சரியும். பஸ் சட்டென்று முன்னால் பாய்ந்தாலும் அதே மாதிரி சரியும். சாய்ந்தோமா, பாய்ந்தோமா? காதுக்குத் தெரியாது. கண் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும். ஆகவே, திரையில் ராக்கெட் பாயும்போது பெட்டியைப் பின்னால் சாய்த்தால் மூளை 'பாய்கிறோம்' என்று நம்பிவிடும். அட, புவியீர்ப்பையும் வேக மாற்றத்தையும் உள்ளே இருப்பவனால் பிரித்துச் சொல்ல முடியாது என்று 1907ல் ஐன்ஸ்டைன் யோசித்தாரே, அதே சங்கதிதான்.

ஆனால் ஒரு நிபந்தனை. சாய்ப்பது தெரியாமல், மெதுவாகச் சாய்க்க வேண்டும். கண்ணும் காதும் ஒரே நேரத்தில் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். படம் முன்னால், ஆட்டம் பின்னால் என்று போனால் இரண்டு சாட்சிகளும் முரண்படும். மூளை வழக்கைத் தள்ளுபடி செய்துவிடும். சிலருக்கு வாந்தியும் வரும். சந்தவாசல் பெட்டியில் நடந்தது இதுதான்.

இதையெல்லாம் சரியாகச் செய்தால் எதிர்பார்ப்பு நிறைவேறிவிடுமா? டிஸ்னி முயன்று பார்த்தது. 2003ல் புளோரிடாவின் எப்காட்டில் 'மிஷன்: ஸ்பேஸ்'. விண்வெளி வீரர்களின் யோசனையைக் கேட்டுக் கட்டியது. சாய்த்து ஏமாற்றுகிற வேலையே இல்லை. ஆளை வைத்துச் சுழற்றி, உடம்பின் எடையை இரண்டு மடங்குக்கும் மேலே ஏற்றினார்கள். சீட்டுக்கு முன்னால் வாந்திப் பை வைக்க வேண்டியதாயிற்று. 2005ல் சவாரிக்குப் பிறகு நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். அவனுக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை சொன்னது. 2006ல் சுழலாத, சாதுவான சவாரியும் சேர்த்தார்கள். ரொம்ப நிஜமாக இருந்தாலும் கஷ்டம் பாருங்கள்!

அத்தனை செலவு செய்தும் ஒன்றை மட்டும் அவர்களால் கொடுக்க முடியவில்லை. விண்வெளி என்றதும் நாம் எதை நினைக்கிறோமோ, அதை. மிதப்பது.

விண்வெளி நிலையம் சுற்றுகிற சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் மிதப்பதற்குக் காரணம், அவர்கள் ஓயாமல் விழுந்துகொண்டே இருப்பது. பக்கவாட்டில் அத்தனை வேகமாகப் போவதால் பூமியில் மோதாமல் சுற்றி வருகிறார்கள். தரையில் நிற்கிற பெட்டி எத்தனை கால் வைத்து ஆடினாலும் விழ முடியாது. விமானத்தை மேலேற்றிக் கீழே பாய்ச்சினால் 20, 25 விநாடிகள் மிதக்கலாம். அதற்கு மேல் கிடையாது.

1984ல் ராகேஷ் சர்மா மாஸ்கோ பக்கத்து நட்சத்திர நகரத்தில் பயிற்சி எடுத்துத்தான் போனார். ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நான்கு பேரும் அங்கேயே பயின்றவர்கள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் மேலே போன முதல் சில நாள் பெரும்பாலோருக்குக் குமட்டும். 1985ல் டிஸ்கவரியில் போன அமெரிக்க செனட்டர் ஜேக் கார்ன் பட்ட பாட்டைப் பார்த்து, குமட்டலை அளக்க 'கார்ன் அளவுகோல்' என்று நாசாவில் கிண்டலாகப் பெயரே வைத்தார்கள். தரையில் எந்தப் பெட்டியும் அந்தக் காதுத் துகள்களைக் கடைசிவரை ஏமாற்ற முடியாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

ஆகவே அந்தப் பையனின் காது மிகச் சரியாகத்தான் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இவ்வளவுதான். 'விண்வெளி' என்று எழுதிய பெட்டிக்குள் இருந்தது ஓர் ஆட்டமும் ஒரு படமும்.

இதையெல்லாம் பாதி புரிகிற மாதிரி அவனிடம் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த கொலம்பஸைக் காட்டினேன். "அதுல உச்சிக்குப் போயி ஒரு செகண்ட் நிக்கும் பாரு, அப்ப வயித்துல என்னமோ பண்ணும்ல? அதான் நெஜம்." கப்பல் 60 டிகிரி வரை ஆடினால், உச்சியில் ஒரு கணம் நம் எடை பாதிதான். அந்த ஒரு கணம் சுபான்ஷு சுக்லாவின் தூரத்துச் சொந்தம். போர்டு இல்லாமல், விண்வெளி வீரர் படம் இல்லாமல் முப்பது ரூபாய்க்கு ஆடிக்கொண்டிருந்தது.

ஏறினான். உச்சியில் அவன் போட்ட சத்தம் கீழே வரை கேட்டது. இறங்கி வந்து 'இவ்ளோதானா' என்று கேட்கவில்லை. இன்னொரு டிக்கெட் கேட்டான்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. மேற்கே ஜவ்வாது மலை கறுப்பாக நின்றது. அதே மலையின் அந்தப் பக்கம்தான் காவலூர். 1986ல் வைணு பாப்புவின் பெயர் சூட்டிய வானாய்வகமும், 2.3 மீட்டர் கண்ணாடியுள்ள தொலைநோக்கியும் அங்கே இருக்கின்றன. நிஜமான ஆகாயத்தை அதன் வழியாகப் பார்க்கிறார்கள் என்று சொன்னேன்.

பையன் யோசித்தான். "அது ஆடுமா சார்?"

"ஆடவே கூடாதுடா. துளி ஆடினாலும் நட்சத்திரம் தெரியாது."

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். அப்புறம் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ப்பா, காவலூருக்கு எந்த பஸ் போவும்?"