வாவியின் ஒலியும் வட்டில் இட்ட பெயரும்

சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் பிரித்தானிய ஆட்சிக்கால இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராகக் கடமையாற்றியவர். 1848 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் மட்டக்களப்புக்கு வந்த அவர், வாவியின் அடியிலிருந்து இசை எழுகின்றது என ஊரார் கூறக் கேட்டு, நிலவெறிக்கும் இரவொன்றில் ஓடமேறிச் சென்று அதனைச் செவிமடுத்தார். 1859 இல் வெளியான இலங்கை பற்றிய தமது நூலில் அவ்வனுபவத்தை அவர் விரிவாக எழுதியுள்ளார். அவர் கேட்டது நீண்டொலிக்கும் ஒரே சுரம் அன்று. தனித்தனியே தெளிவாய் ஒலித்த நுண்ணொலிகள் பலவற்றின் கூட்டமே அது. ஓடத்தின் மரத்திற் காதைப் பொருத்தியபோது அவ்வொலி மிகப் பெருகிக் கேட்டதாகவும் அவர் குறிக்கின்றார். நீருக்குள் எழும் ஒலியைக் கேட்டற்கு அக்காலத்தில் வாய்த்திருந்த கருவி அந்த மரப்பலகையே எனலாம்.

அவ்வொலி மீனின் பாட்டு என்பதே இன்று வழங்கும் நம்பிக்கை. ‘மீன்பாடும் தேனாடு’ என மட்டக்களப்புப் பெயர் பெற்றதும் அதனாலேயே. ஆயின் ரெனன்றுக்கு வழிகாட்டிய மீனவர் அதனை ஊரியின் அழுகை என்றே கூறினர். அவர்கள் மொழிந்த தமிழ்த்தொடரை அவர் ஆங்கில எழுத்திற் கூட்டி எழுதியபோது அஃது உருக்குலைந்து போயிற்று. எனினும் ‘ஊரி’ என்னும் சொல் தப்பிப் பிழைத்தது. ஒலி அவ்விரவோடு மறைந்துவிட, அதற்கு மக்கள் இட்ட பெயர் ஏட்டில் எஞ்சிய இச்செய்தி நுணுகி நோக்கத்தக்கது.

எடிசனின் ஒலிப்பதிவுப் பொறி தோன்றியது 1877 இல். வாவியின் ஒலி பதிவாகும் காலம் அதன் பின்னரும் நெடுந்தொலைவில் இருந்தது. கத்தோலிக்கக் குருவான லாங் அடிகளார் அதனைப் பதிவு செய்தார். அப்பதிவு 1960களில் இலங்கை வானொலி வழியே ஒலிபரப்பாயிற்று. ஓடமேறி வாவியின் நடுவே சென்று காத்திருந்து கேட்ட ஒன்றை, கடலையே காணாத மலைநாட்டவரும் வீட்டிலிருந்தவாறே கேட்கும் நிலை அப்போது உண்டாயிற்று. ஒலி தன் இடத்தினின்றும் பிரிந்தது.

இப்பிரிவையே ஒரு கலையாக்கியவர் பிரான்சிய வானொலியிற் பணியாற்றிய பியேர் ஷெஃபேர். 1948 இல் அவர் பாரிஸ் நகரப் புகையிரத நிலையமொன்றில் எஞ்சின்களின் ஒலியைப் பதிந்து, துண்டாக்கி, மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து ஓர் இசையாக்கத்தை அமைத்தார். இசைத்தட்டின் பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டால், ஊசி அவ்வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஒரே ஒலித்துணுக்கை ஓயாது மீட்டும். பிற்காலக் கருவிகளின் ‘லூப்’ என்னும் ஏற்பாட்டுக்கு இதுவே முன்னோடி. கோறளைப்பற்று மேற்கின் ஓட்டமாவடியில், புகையிரதமும் ஏனைய வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தின் வழியே நீரைக் கடந்த காலம் ஒன்றிருந்தது. பின்னர் வீதிக்கெனத் தனிப்பாலம் எழுந்தது. ஷெஃபேர் போன்ற ஒருவர் அங்கு வாய்த்திருப்பின், பழைய பாலத்தின் இரைச்சலும் ஓர் இசையாக்கத்திற் குடிபுகுந்திருக்கும்.

1963 இல் இங்கிலாந்தில் வெளிவந்த மெலற்றோன் என்னும் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடா இருந்தது. கட்டையை அழுத்தினால் நாடா ஏறத்தாழ 8 வினாடி ஓடி நின்றுவிடும். ஒலியை எண்களாக மாற்றி நினைவகத்திற் கொள்ளும் முறையை இசைக்கலைஞரிடம் கொண்டு சேர்த்தது, சிட்னி நகரில் பீற்றர் வோகலும் கிம் றைறியும் ஆக்கி 1979 இல் வெளியிட்ட பெயார்லைற் கணினி இசைக்கருவி. அதன் ஒவ்வொரு குரலுக்கும் கிடைத்த நினைவகம் 16 கிலோபைற் மட்டுமே. உயர்ந்த தரத்திற் பதிந்தால் ஒரு வினாடி கூடத் தேறாது. அதன் விலையோ செல்வம் மிக்க கலைஞருக்கே எட்டுவதாயிருந்தது. 1981 இல் இமியூலேற்றர், 1984 இல் மிராஜ், 1986 இல் யப்பானின் அக்காய் எஸ்900 என ‘சாம்பிளர்’ என்னும் இவ்வினக் கருவிகள் படிப்படியே எளியோர் கைக்கும் வந்தன.

எஸ்900 ஒலியை வினாடிக்கு 40,000 முறை வரை அளந்து, ஒவ்வோர் அளவையும் 12 இலக்க இரும எண்ணாகக் கொள்ளும். அந்த உயர்வேகத்தில் அதன் நினைவகம் சுமார் 12 வினாடியில் நிரம்பிவிடும். ஆகவே எதனைப் பதிவது என்பதிலும், எதனை வெட்டி எறிவது என்பதே அதனைக் கையாள்வோரின் முதற்கவலையாயிற்று. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் நோன்புகால இரவுகளிற் பக்கீர்மார் றபானடித்துப் பாடிச் சகருக்கு மக்களை எழுப்பும் மரபு உண்டு. அந்த றபானின் ஓரடியைக் கருவியிற் பதிந்தால், அடிக்கு முன்னுள்ள வெறுமை முதலில் நீக்கப்படும். தொடக்கப்புள்ளி சிறிது பிந்தினால் தோலில் விரல் படும் கூர்மை போய்விடும். முந்தினால் கட்டையை அழுத்தியதும் ஒலி எழாது தாமதிக்கும். முடிவுப்புள்ளியை அலை சுழிநிலையைக் கடக்கும் இடத்தில் வைக்காவிடின் ‘டிக்’ என்னும் வெட்டொலி கேட்கும். பின்னர் அவ்வொலியை உயர்ந்த கட்டையில் இசைத்தால் அது மெலிந்து விரையும். தாழ்ந்த கட்டையிற் கனத்து நீளும். மனிதக் கைகளில் அடிக்கடி வேறுபடும் றபான், கருவியில் என்றும் ஒரே அடியாய் நிலைக்கின்றது. இரவின் அமைதியும், தெருக்கோடியிலிருந்து ஒலி நெருங்கிவரும் முறையும், பாடுவோர் குரலும் வெட்டுண்ட பகுதியோடு கழிந்துவிடும். இது கருவியின் குற்றமன்று. எதனைத் தேவையற்றது எனக் கொள்வது என்னும் மனிதத் தீர்ப்பே அது.

இவற்றினும் பெரிது சேமிப்புப் பிரச்சினை. இக்கருவிகளின் நினைவகம் மின்சாரம் உள்ளவரையே நிற்கும். மின்னாளியை அணைத்தால் மணிக்கணக்கில் வெட்டிச் செப்பனிட்ட அனைத்தும் அழியும். ஆகவே ஒலியை நெகிழ்வட்டில் எழுதியாக வேண்டும். பெயார்லைற் 8 அங்குல வட்டையும், எஸ்900 மூன்றரை அங்குல வட்டையும் பயன்படுத்தின. காந்தப்பூச்சுடைய அவ்வட்டுகள் வெப்பத்துக்கும் பூஞ்சணத்துக்கும் ஆளாவன. களப்புக்கரை ஊர்களின் ஈரக்காற்று அவற்றுக்குப் பகை. வட்டில் எழுதும் வேளையிற் கருவி ஒரு பெயரைக் கேட்கும். அப்பெயருக்கு அக்காய்க் கருவிகள் ஒதுக்கிய இடம் பத்துப் பன்னிரண்டு எழுத்தளவே. யார் அடித்தார், எவ்வூரில், எந்நாளில் என்பவற்றுக்கு அங்கே இடமில்லை.

பெயரின் வறுமை யாது விளைக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. ஸ்ட்ராவின்ஸ்கி 1910 இல் அரங்கேற்றிய ‘தீப்பறவை’ நாட்டிய இசையின் ஒரு முழக்கம், பெயார்லைற் வட்டொன்றில் ‘ஓர்க்5’ என்னும் பெயரோடு புகுந்தது. ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் 1982 ஆம் ஆண்டுப் பாடலான ‘பிளனற் றொக்’கில் அது ஒலித்தது. பின்னர் எண்ணற்ற பாடல்களிற் பரவியது. கேட்டோரிற் பலர் அதனை ஒரு கருவியின் ஒலி என்றே கருதினர். ஒரு பெரும் வாத்தியக் குழுவும் அதற்கு இசை எழுதியவனும் ஐந்தாறு எழுத்துக்களில் மறைந்தமை இவ்வாறே.

தமிழிசைக்கும் இவ்வனுபவம் புதிதன்று. இலண்டனிற் பிறந்து இளமையிற் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2007 இல் வெளியிட்ட ‘கலா’ தொகுப்பின் முதற்பாடல், ‘தளபதி’ (1991) திரைப்படத்தில் இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துணுக்கைக் கொண்டது. திரையிசைக்கு இசைத்தட்டு உண்டு. இயற்றியவர் பெயர் அதில் அச்சாகியுள்ளது. ஆகவே துணுக்கின் தாயைத் தேடிக் கண்டுபிடித்தல் இயலும். பக்கீரின் றபானுக்கும், வயற்காவலில் எழும் கவிக்கும், பொல்லடியின் கோலொலிக்கும் அவ்வசதி இல்லை. அவை ஒருமுறை பெயரின்றி வட்டிற் புகுந்தால், எவ்வூரினவென்று பின்னர் எவராலும் அறிய இயலாது. ஒலி பாதுகாக்கப்பட்டிருக்கும், ஓட்டமாவடி அதிலிருந்து அழிந்திருக்கும்.

இதற்கு நேரெதிரான ஒரு பணியும் இதே மட்டக்களப்பு மண்ணிற் பிறந்தவராலேயே நிகழ்ந்தது. வாவியின் ஒலியை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாடியவர் காரைதீவில் 1892 இல் தோன்றிய விபுலாநந்த அடிகள். பண்டைத் தமிழரின் யாழொலி எவ்வட்டிலும் எந்நாடாவிலும் எஞ்சவில்லை. எஞ்சியவை சொற்களே: பத்தர், கோடு, திவவு, நரம்பு என உறுப்புக்களுக்கும், குரல் துத்தம் கைக்கிளை என நரம்பிசைக்கும் இடப்பட்ட பெயர்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஆதாரமாகக் கொண்டு, அப்பெயர்களை அளவுகளோடும் கணக்கோடும் பொருத்திப் பல்லாண்டு ஆராய்ந்து அடிகள் ‘யாழ் நூல்’ இயற்றினார். 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியபோது, அவருடைய ஆராய்ச்சியின் வழி அமைந்த கருவிகள் ஊர்வலத்தில் ஏந்திச் செல்லப்பட்டன. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.