ஸ்பார்டக்: பேருக்கேத்த டீம்

சோவியத் காலத்து மாஸ்கோவுல ஒவ்வொரு ஃபுட்பால் டீமுக்கும் பின்னாடி ஒரு பெரிய இடம் உண்டு. டைனமோ போலீஸோடது, சி.எஸ்.கே.ஏ ராணுவத்தோடது, லோகோமோட்டிவ் ரயில்வேயோடது. ஸ்பார்டக்குக்கு இருந்தது கூட்டுறவு சங்கங்கள்தான். ரோமாபுரியை எதிர்த்த அடிமை ஸ்பார்டகஸோட பேரை 1935-ல் வெச்சாங்க. பேருக்கேத்த மாதிரியே வம்பும் வந்து சேர்ந்தது.

1939 கோப்பை அரையிறுதியில டைனமோ திபிலிசியை ஜெயிச்சு, ஃபைனலையும் ஜெயிச்சாச்சு. அப்புறம் வந்தது உத்தரவு: அரையிறுதியைத் திரும்ப ஆடுங்க! ஃபைனல் முடிஞ்சு அரையிறுதி, எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? ரகசிய போலீஸ் தலைவர் பெரியா ஜார்ஜியாக்காரர், டைனமோ பக்தர். புரியுதுல்ல? :-) ஸ்பார்டக் மறுபடியும் ஜெயிச்சது, 3-2.

சிரிப்பு அதோட முடிஞ்சது. 1942-ல் கிளப்பை உருவாக்கின நிகோலாய் ஸ்தாரோஸ்தினும் மூணு தம்பிகளும் கைது. ஸ்டாலின் செத்த பிறகு, 1954-ல்தான் விடுதலை. மனுஷன் நேரா திரும்பி வந்து அதே கிளப்பைத் தலைமையேத்து நடத்தினார்.

போலீஸைப் பத்தி வாயைத் திறக்க முடியாத ஊர்ல, போலீஸ் டீம் தோக்கும்போது கைதட்டலாம். அதுக்கு யாரும் கேஸ் போட முடியாது. 'மக்கள் டீம்'ங்கிற பேரு அப்படி ஒட்டிக்கிச்சு.

2022-ல் அந்த மக்கள் டீமை லுக்காயில் எண்ணெய் கம்பெனி வாங்கிடுச்சு. பெரியாவால முடியாததை செக்புக் முடிச்சுடுமா? தெரியலைங்க.