எரிந்த அரங்கில் எழுந்த நூதனசாலை

ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்குக் கோடியில், பிரான்சிய எல்லைக்கு அண்மையில், பிகேரஸ் என்னும் பட்டினம் அமைந்துள்ளது. கற்றலோனியப் பிரதேசத்தைச் சேர்ந்த இச்சிறு பட்டினத்துக்கு உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். கனவிலே தோன்றும் காட்சிகளையும் அடிமனத்தில் உறையும் அச்சங்களையும் தீட்டும் சர்ரியலிச ஓவிய நெறியிற் பேர்பெற்ற சல்வடோர் டாலி, தாமே திட்டமிட்டு அமைத்த நூதனசாலை இங்கேதான் இருக்கிறது.

கட்டடத்தின் உச்சியிலே பாரிய முட்டை வடிவங்கள் வரிசையாக நிற்கின்றன. உள்முற்றத்திலே பழைய கடிலாக் மோட்டார் வண்டி ஒன்று நிற்கிறது. வெளியே வெயில் எறிக்கும்போதும் வண்டிக்குள்ளே மழை பொழியும்படி ஓவியர் அதனை அமைத்தார். வேறொரு கூடத்தில் உதடுகளின் வடிவில் ஓர் ஆசனமும், மூக்கின் வடிவில் ஒரு கணப்படுப்பும், சுவரில் இரு படங்களும் தனித்தனியே காணப்படுகின்றன. படியேறி, அங்குள்ள ஆடியின் வழியே நோக்கினால், அவை யாவும் ஒன்றுகூடி அமெரிக்க நடிகை மே வெஸ்ற் அம்மையாரின் முகமாகி விடுகின்றன. சிறுவர் நகைக்கின்றனர், பெரியோர் வியக்கின்றனர். ஆயினும், இவ்விநோதங்களைத் தாங்கி நிற்கும் சுவர்களுக்கு ஒரு துயர வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகர நாடக அரங்காக எழுந்தது இக்கட்டடம். 1904ஆம் ஆண்டு பிகேரஸிற் பிறந்த டாலி, பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோது, தம் ஓவியங்களை முதன்முதலில் மக்கள் முன் வைத்தது இவ்வரங்கிலேதான். அவர் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயமும் அதன் அருகிலேயே உள்ளது.

1936ஆம் ஆண்டு ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. தளபதி பிராங்கோவின் படைகள் முன்னேற, குடியரசின் பாராளுமன்றம் தாய்மண்ணிலே தன் இறுதி அமர்வை 1939ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி பிகேரஸ் கோட்டையிலே நடத்திக் கலைந்தது. தோற்ற மக்கள் இலட்சக்கணக்கில் பிரான்சை நோக்கி நடந்தனர். அந்த யுத்தத்தின் முடிவிலேதான் நாடக அரங்கும் தீக்கிரையாயிற்று. பாழடைந்த சுவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேட்பாரற்று நின்றன.

1960களின் தொடக்கத்தில் பிகேரஸின் நகரபிதா றமோன் குவார்டியோலா, ஊருக்கென ஓர் ஓவியம் தரும்படி டாலியை வேண்டினார். டாலியோ ஒரு நூதனசாலையையே தருவதாகக் கூறி, அதற்கு இப்பாழ் அரங்கையே தெரிந்தெடுத்தார். பார்வையாளர் அமர்ந்த இடம் கூரையின்றித் திறந்த முற்றமாயிற்று. மேடையின்மீது பினியேரோ என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த கண்ணாடிக் குவிமாடம் எழுந்தது. 1974ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28ஆந் திகதி நூதனசாலை திறந்து வைக்கப்பட்டது.

யுத்தத்தின் சிதைவைக் கலைக்கோயிலாக்கிய இதே டாலி, யுத்தத்தில் வென்ற பிராங்கோவைப் போற்றினார் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. அவருடைய இளமைக்கால நண்பர், கவிஞர் கார்சியா லோர்க்கா, 1936இல் பிராங்கோவின் பக்கத்தாராற் சுட்டுக் கொல்லப்பட்டவர். 1975இல் அவ்வாட்சி ஐவருக்கு மரண தண்டனை நிறைவேற்றியபோது உலகமே கண்டித்தது. டாலி ஆதரித்துப் பேசினார். மறுபுறத்தில், ஸ்பெயினில் மக்களுரிமை மீளும்வரை தம் 'குவேர்னிக்கா' ஓவியம் அங்கு செல்லலாகாது என்றிருந்தார் பிக்காசோ. அவர் மறைந்து எட்டு ஆண்டுகளின் பின், 1981இலேதான் அது ஸ்பெயினை அடைந்தது.

1989ஆம் ஆண்டு ஜனவரி 23ஆந் திகதி டாலி மறைந்தார். அவருடைய உடல் இவ்வரங்கின் மேடைக்குக் கீழே அடக்கஞ் செய்யப்பட்டது. குவிமாடத்தை அண்ணாந்து நோக்கி வியப்போரிற் பலர், தாம் ஓவியரின் கல்லறைக்கு மேலே நிற்பதை அறியார். சிதறிய பொருள்கள் முகமாவதைக் காண ஒரு படி ஏறவேண்டியிருப்பது போல, இந்நூதனசாலையை முழுமையாகக் காண அதன் வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்து நோக்குவோர்க்கு, கலைஞனின் ஆற்றலும் மனிதனின் குறையும் அங்கே ஒருங்கே புலப்படும்.