ஊர் சுற்றிய ஓவியர் எட்வர்ட் லியர்

ஆந்தையும் பூனையும் படகேறிப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட ஆங்கிலப் பாட்டை நம்ம வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் படித்துவிட்டு வந்து பாடிக் கேட்டிருப்பீர்கள். அதை எழுதிய எட்வர்ட் லியர், 1874இல் மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர், திருச்சி என்று நம்ம ஊர்ப் பக்கமெல்லாம் படம் வரைந்துகொண்டே சுற்றியவர் என்பது பலர் அறியாத செய்தி.

லியர் 1812 மே 12 அன்று லண்டனில், ஹாலோவே பகுதியில் பிறந்தார். பெரிய குடும்பம், பணக் கஷ்டம். மூத்த அக்கா ஆன்தான் தாயாக இருந்து வளர்த்தார். சிறு வயதிலேயே வலிப்பு நோய் வந்தது. பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. படம் வரைந்து பிழைக்க வேண்டிய நிலைமை. 1830 முதல் 1832 வரை, உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்து, 42 கல்லச்சுப் படங்களாக வெளியிட்டார். இன்றும் ஒரு பெரிய கிளி இனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1846இல் அவருடைய வேடிக்கைப் பாட்டுப் புத்தகம், அவரே வரைந்த படங்களுடன் வந்தது. அதே ஆண்டு விக்டோரியா மகாராணிக்கு ஓவியப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

ஆனால் மனிதர் ஓரிடத்தில் தங்கவில்லை. 1837இல் ரோமுக்குப் போனார். பிறகு கிரீஸ், அல்பேனியா, எகிப்து, பாலஸ்தீனம், கார்சிகா. தம் பயண நூல்களுக்குத் தாமே படமும் வரைந்தார். போன இடத்து மொழிகளைக் காதால் பிடித்தார். கிரேக்கத்தையோ விடாமல் படித்து, நாட்குறிப்பிலும் எழுதிவந்தார். 1856 முதல் அவரிடம் வேலை பார்த்த ஜியார்ஜியோ கோக்காலி, கிரேக்க மொழி பேசுபவர். 1883இல் இறக்கும் வரை 27 ஆண்டுகள் அவர் லியருடன் இருந்தார். இந்தியாவுக்கும் கூடவே வந்தார்.

வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு லியரின் நண்பர். அவர் அழைப்பின் பேரில் 1873 நவம்பரில் பம்பாயில் வந்திறங்கியபோது லியருக்கு 61 வயது. டார்ஜிலிங்கிலிருந்து கஞ்சன்ஜங்காவை வரைந்தார். 1874 ஜூலையில் பம்பாய் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' பத்திரிகையில் 'கம்மர்பண்ட்' என்ற பாட்டை எழுதினார். தெற்கே வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பாட்டு ஒரு விளையாட்டு. துணி வெளுக்கும் 'தோபி' அதில் உட்காரும் ஆசனம்! சமையலறையை ஆளும் 'கான்சாமா' உயர்ந்து வளரும் மரம். 'சப்ராசி' தங்கத் துடுப்புள்ள மீன். 'ஆயா' மரக்கிளையில் உட்காரும் பச்சைப் பறவை. இடுப்பில் கட்டும் 'கமர்பந்த்' ஆளை விழுங்கும் பயங்கர மிருகம். சொற்களின் ஒலியில் அவருக்கிருந்த குஷி அதில் தெரிகிறது. சிரிப்பும் வருகிறது.

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எத்தனையோ மொழி பேசும் தேசத்தில் அந்தப் பாட்டுக்குள் நுழைந்தவற்றில் பல வேலைக்காரர்களைக் கூப்பிடும் சொற்கள். வெள்ளைக்காரர் பங்களாவில் காதில் விழுந்தவை அவைதான். பத்திரிகை படித்த வெள்ளைக்காரர்களுக்குப் புரிந்தவையும் அவைதான். ஜியார்ஜியோவும் வேலைக்காரர்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் கிரேக்கத்துக்கு லியர் பல்லாண்டு உழைப்பைக் கொடுத்தார். நமக்குக் கிடைத்தது சுமார் 14 மாதம். அதனால் கிரேக்கம் அவருக்கு எழுதவும் சிந்திக்கவும் ஆன மொழி. இந்திய மொழி வெறும் வேடிக்கை ஒலி.

1875 ஜனவரியில் லியர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். 1888 ஜனவரி 29 அன்று இத்தாலியின் சான்ரெமோவில், பிறந்த ஊருக்கு வெகுதூரத்தில் காலமானார்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இந்தக் கதை கொஞ்சம் சுருக்கென்று தைக்கிறது. 'சாப்பிட வா', 'தண்ணி குடு', 'கதவைச் சாத்து' - இவ்வளவோடு நம்ம பிள்ளைகளின் தமிழ் நின்றுபோனால், அதுவும் ஒரு பங்களாத் தமிழ்தான். அக்கம்பக்கத்தார் பேசும் இந்தியையும் மராத்தியையும் வங்காளியையும் நாம் கடைத்தெருவோடு நிறுத்திக்கொண்டால் அதுவும் அப்படியே. எந்த மொழியானாலும், அதில் ஒரு கதை கேட்டு, ஒரு கடிதம் எழுதி, ஒரு சண்டையாவது போட்டுப் பழகினால்தான் அது நம்முடையது ஆகும்.