பரிமாண வரிசை (பெயரிட்ட அணிகளில்)

நாள், அட்சரேகை, தீர்க்கரேகை எனப் பல பரிமாணங்கள் கொண்ட எண் அணியில் எது முன், எது பின் என்னும் ஒழுங்கு. கணினி நினைவகம் ஒற்றை வரிசையாகவே இருப்பதால் இதை யாராவது முடிவுசெய்தாக வேண்டும். 1957இல் வந்த ஃபோர்ட்ரான் முதல் சுட்டெண்ணை வேகமாக ஓடவிட்டது; பின்வந்த சி மொழி கடைசிச் சுட்டெண்ணை. அந்தப் பிளவு இன்றும் தீரவில்லை.

பரிமாணங்களுக்குப் பெயரிடாத அணியின் ஆபத்துக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைத் தரவு நல்ல சான்று. 1901 முதலான அன்றாட மழையளவு, 0.25 பாகை இடைவெளியில் 135 தீர்க்கரேகைகளும் 129 அட்சரேகைகளும் கொண்ட கட்டங்களாக இருக்கிறது. இருமக் கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். வடக்கு 6.5, கிழக்கு 66.5இல் தொடங்கிக் கிழக்கே ஓடி, வரி முடிந்ததும் வடக்கே ஒரு படி ஏறவேண்டும் என்பது உடன்வரும் குறிப்பில்தான் உண்டு. பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு நெருங்கிய புள்ளி வடக்கு 13.5, கிழக்கு 80.25, அதாவது ஒவ்வொரு நாளின் 3836ஆவது எண். பரிமாணங்களை இடம் மாற்றிப் படித்தால் அதே எண் வடக்கு 30, கிழக்கு 73.75இல் போய் உட்காரும். குப்பத்தில் கொட்டிய ஐப்பசி மழை ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர்ப் பக்கம் பெய்ததாகிவிடும். நிரல் முணுமுணுக்கக்கூடச் செய்யாது. எப்படிப் படித்தாலும் மொத்தம் 17,415 எண்கள்தானே.

பரிமாணங்களுக்குப் பெயரிட்ட பெருமை யாருக்கு என்பது எதை அணி என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. கோப்பளவில் நெட்சிடிஎஃப் என்னும் கோப்பு வடிவம் முந்தியது. அதற்கான 1995ஆம் ஆண்டின் கோர்ட்ஸ் மரபு காலம், உயரம், அட்சரேகை, தீர்க்கரேகை என்ற வரிசையைக் கட்டாயமாக்கியது; அதன் வழிவந்த சிஎஃப் மரபு பரிந்துரையோடு நின்றது. நிரலுக்குள் இவ்வசதியைப் பரவலாக்கியது ஸ்டீபன் ஹோயர் 2014இல் வெளியிட்ட, 2016இல் எக்ஸ்அரே எனப் பெயர் மாறிய நிரலகம். இரண்டு அணிகளின் வரிசை வேறாக இருந்தாலும் பெயர் பார்த்துச் சரியாகக் கூட்டிவிடும். பெயர் இருக்கும்போது வரிசை எதற்கு என்று கேட்கலாம். ஆனால் கூட்டலின் விடை முதலில் நிற்கும் அணியின் வரிசையையே ஏற்கிறது. இடம் மாறிய இரண்டு அணிகளில் ஒரே எண்கள் இருந்தாலும் நிரலகத்தின் சமச் சோதனை அவற்றைச் சமமென்று ஒப்பாது. எண்களை மட்டும் உருவி, பெயரில்லா அணிகளைக் கையாளும் நம்பை நிரலகத்துக்கோ வரைபடத்துக்கோ கொடுத்தால் பெயர்கள் உதிர்ந்து பழைய ஆபத்து திரும்பும். வேகமும் வரிசையைச் சார்ந்தது: நாள் முதலாக அடுக்கிய கோப்பில் ஒருநாள் வரைபடம் சட்டென வரும், ஒரே ஊரின் நூறாண்டு மழை வர நேரமாகும். பெயர் இருக்கும்வரை கூட்டல் பிசகாது; ஆகவே வழிநெடுக வரிசையைத் திருப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பெயர் உதிரும் அந்த ஓரிடத்துக்கு முன்னால் பெயர்சொல்லி வரிசையை நிலைப்படுத்துவதே தக்கது.