கையொப்பமும் கடிதமும்



பழைய நாணயங்களையும் தபால் தலைகளையும் சேர்ப்போரை நீங்கள் அறிவீர்கள். பெரியோர் கையொப்பமிட்ட பழங்கடிதங்களைச் சேர்ப்போரும் உளர். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அரசியல்வாதிகளின் கையொப்பங்களை இவர்கள் மிகவும் விரும்புவர். அவற்றுள் பல நமக்கு எஞ்சியிருப்பதற்கு விந்தையான காரணம் ஒன்று உண்டு.

அக்காலத்து இங்கிலாந்தில் தபால் கட்டணம் மிகுதி. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அதனைச் செலுத்துவார். ஆனால், பார்லிமெண்டு உறுப்பினர் ஒருவர் மடித்த கடிதத்தின் மேற்புறத்தில் தம் பெயரை எழுதிவிட்டால் அது கட்டணமின்றிச் செல்லும். இச்சலுகையைப் பலர் தவறாகப் பயன்படுத்தலாயினர். வெறுந்தாள்களில் கையொப்பமிட்டு நண்பர்களுக்கு வழங்கினர் சிலர். பிறர் கையொப்பத்தைப் போலியாக இட்டனர் வேறு சிலர். எனவே, முகவரி முழுவதையும் உறுப்பினரே தம் கையால் எழுத வேண்டும் என்று 1764-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. போலிக் கையொப்பமிடுவோர்க்கு 7 ஆண்டு நாடுகடத்தல் தண்டனையும் ஏற்பட்டது. 1784-இல், ஊரையும் தேதியையும்கூட அவரே எழுத வேண்டுமென்று விதி இறுகிற்று. 1840 ஜனவரியில் ஒரு பென்னித் தபால் முறை வந்தபோது சலுகை அடியோடு ஒழிந்தது.

மோசடியைத் தடுக்கப் பிறந்த விதிகளே சேகரிப்பாளர்க்குப் புதையலாயின. ஊர், நாள், பெயர் யாவும் ஒருவர் கையாலேயே எழுதப்பட்ட சான்று வேறெங்கே எளிதிற் கிட்டும்? ஆயினும், அவர்களிற் பலர் மேற்புறத்தை மட்டும் கத்தரித்து ஏட்டில் ஒட்டிக்கொண்டனர். கடிதங்களின் அடியிலிருந்த கையொப்பங்களையும் அவ்வாறே வெட்டியெடுத்தனர். பெயர் பிழைத்தது, செய்தி மாண்டது.

இதனால் விளையும் இடரைப் பாருங்கள். தந்தையும் மகனுமாகிய இரு வில்லியம் பிட்டுகளும் பிரதம மந்திரிப் பதவி வகித்தவர்கள். தந்தை 1766-இல் பிரபுப் பட்டம் பெற்றபின் ‘சாத்தம்’ என்றே கையொப்பமிட்டார். அதற்கு முன் அவரும் பிட்டுதான். பின்னர் மகனும் பிட்டுதான். துண்டித்த தாளில் ‘பிட்’ என்று மட்டும் இருப்பின் எழுத்தின் போக்கு ஓரளவே உதவும். தேதியும் செய்தியும் உடனிருந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

காகிதமும் சாட்சி சொல்லும். 1794-க்குப் பின் இங்கிலாந்தில் காகிதத்தின் நீர்க்குறியில் ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் பரவிற்று. 1780-இல் எழுதியதாகக் கூறப்படும் கடிதத்தை வெளிச்சத்தில் பிடிக்கையில் 1805 என்ற எண் தெரியுமாயின், அது போலியே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இவற்றால் நமக்கென்ன என்று நீங்கள் வினவலாம். ஆர்க்காட்டு நவாபு பட்ட கடன்களைக் கர்நாடகத்து வருவாயிலிருந்து தீர்க்குமாறு 1784-இல் இளைய பிட்டின் ஆட்சியினர் லண்டனிலிருந்து பணித்தனர். கடன் கொடுத்தவர்களிற் பலர் கம்பெனி ஊழியர்கள். உரிய விசாரணையின்றிச் செய்த அச்செயலை 1785 பிப்ரவரி 28-இல் எட்மண்டு பர்க் பார்லிமெண்டில் வன்மையாகக் கண்டித்தார். அங்கே தாளில் ஓடிய மையின் சுமையைத் தாங்கியவர் இங்கே ஏர் பிடித்த குடியானவர்.

ஆகவே, பழைய தஸ்தாவேஜு ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அடியிலுள்ள பெயரைக் கண்டு வியப்பதோடு நில்லாதீர்கள். அதற்கு மேலுள்ள வரிகளைப் படியுங்கள். கத்தரிக்கோலை மட்டும் அதனருகே கொண்டு செல்லாதீர்கள்.